செவ்வியல் அலையியற்றிகளின் கூட்டு ஒளியுமிழ்வு

நெருங்கி நிற்கும் பல அலையியற்றிகள் தாம் உண்டாக்கும் புலத்தாலேயே கட்டம் ஒத்து, சேர்த்துவைத்த ஆற்றலைக் குறுகிய துடிப்பாக வெளியிடும் நிகழ்வு.

இதன் வரலாறு குவாண்டம் இயற்பியலில் தொடங்குகிறது. N அணுக்கள் தனித்தனியே உமிழ்ந்தால் ஒளிச்செறிவு N மடங்கு. ஒருங்கே உமிழ்ந்தால் N² மடங்கு வரை உயரும் என்று ராபர்ட் டிக்கி 1954-இல் காட்டினார். 1973-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் புளூரைடு வாயுவில் அத்தகைய துடிப்பைக் கண்டனர்.

ஆனால் இதற்குக் குவாண்டம் விதிகள் கட்டாயமல்ல; நேரிலாத் தன்மையே அடிப்படை. நேரியல் அலையியற்றிகளை எடுத்துக்கொள்வோம். பொதுப் புலம் அவை அனைத்தையும் ஒரே அளவில் தள்ளுகிறது. தொடக்கத்தில் கட்டங்கள் சீராகச் சிதறியிருந்தால், அலைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆற்றல் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். அதிர்வெண் வீச்சைப் பொறுத்து மாறுமானால் நிலைமை வேறு. புலம் சிலவற்றின் வீச்சைக் கூட்டி, சிலவற்றின் வீச்சைக் குறைக்கும், அதனால் சில பிந்தும், சில முந்தும், கட்டங்கள் கொத்தாகும். கொத்து புலத்தை வளர்க்க, புலம் கொத்தை மேலும் இறுக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான். 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் அதன் நிறை ஏறத்தாழ 16% கூடுகிறது; நிறை கூடினால் சுழற்சி தாமதமாகும். இதனால் கதிர்வீச்சைப் பெருக்க முடியும் என்பதை ட்விஸ் 1958-இலும், ஷ்னைடர், கபோனோவ் இருவரும் 1959-இலும் தனித்தனியே கண்டனர். ஷ்னைடர் சமமற்ற இடைவெளி கொண்ட ஆற்றல் மட்டங்களைக் கொண்டு விளக்கினார். கபோனோவோ செவ்வியல் சமன்பாடுகளைக் கொண்டு விளக்கினார். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வந்தது இத்துறையின் மிக அழகான செய்தி.

அன்று கார்க்கி என்று அழைக்கப்பட்ட நிஷ்னி நோவ்கொரத்தில் 1960-களில், இந்த விளைவைக் கொண்டு நுண்ணலைகளை உண்டாக்கும் கருவியான கைரோட்ரான் உருவானது. 1967-இல் கபோனோவ், பெட்டெலின், யுல்பதோவ் மூவரும் கிளர்வுற்ற செவ்வியல் அலையியற்றிகளின் தூண்டு உமிழ்வுக்குப் பொதுக் கோட்பாடு வகுத்தனர். இன்று பிரான்சில் எழும் ஐடர் அணுப்பிணைவு உலையில் பிளாஸ்மாவைச் சூடேற்ற, 170 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாவாட் தரும் கைரோட்ரான்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன.

கைரோட்ரான் தரும் அலை நீடிப்பது. டிக்கி சொன்னதோ ஒற்றைத் துடிப்பு. அந்தத் துடிப்பின் செவ்வியல் இணையை இலின்ஸ்கி, மஸ்லோவா 1988-இல் நேரிலா அலையியற்றிகளுக்கு வகுத்தளித்தனர். 1990-களில் கின்ஸ்பர்க் குழுவினர் குறுகிய எலக்ட்ரான் கொத்துகளிலிருந்து, மில்லிமீட்டர் அலைகளில் ஒரு நானோநொடிக்கும் குறைவான துடிப்புகளைப் பதிவுசெய்தனர்.