விளக்கின் விலையும் நாட்கூலியும்

மின்சாரம் ஏழைக்கு எட்டாப் பொருளாகி வருகின்றது என்ற கூற்று பரவலாகக் கேட்கப்படுகின்றது. அலகொன்றின் விலையை மட்டும் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்து இதனை ஆராய்வதிற் பயனில்லை. கூலியோடு ஒப்பு நோக்கும்போதே உண்மை புலப்படும். மாதம் 30 அலகு நுகரும் வீட்டையும் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியையும் இங்கு அளவுகோலாகக் கொள்வோம்.

மலையகத்தைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா நீர்மின் உற்பத்தி பற்றிய தமது ஆய்வுரையை 1918இல் முன்வைத்தார். லக்சபானா மின்நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. 1969இல் நிறைவெய்திய மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் அமிழ்ந்தது. ஆயினும் அந்நீர் தந்த ஒளி அயலிலிருந்த லயன்களை அடையப் பல தசாப்தங்கள் சென்றன. அதுவரை அம்மக்களின் கவலை மண்ணெண்ணெய் விலையே.

2014 முதல் 2022 ஓகஸ்ட் வரை 30 அலகுக்கான கட்டணம், நிலையான கட்டணம் உட்பட, 105 ரூபா. ஏனைய பண்டங்களின் விலை ஏறிய அவ்வாண்டுகளில் மின்சாரம் மெய்யாகவே மலிந்தது. அம்மலிவின் சுமை மின்சார சபையின் நட்டக் கணக்கிற் சேர்ந்தது. 2021இல் நாட்கூலி 1000 ரூபாவாக்கப்பட்டபோது, மாதக் கட்டணம் ஒருநாட் கூலியிற் பத்திலொரு பங்களவே.

பின்னர் ரூபாவின் பெறுமதி சரிந்தது. எரிபொருள் விலை ஏறியது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சராசரி என்பது வசதியான சொல். நமது வீட்டின் கட்டணமோ முதலில் 360 ரூபாவாகவும் பின்னர் 1300 ரூபாவாகவும் ஏறியது. ஆறே மாதத்திற் பன்னிரு மடங்கு! அதில் 400 ரூபா நிலையான கட்டணம்; விளக்கை ஏற்றாவிடினும் செலுத்தியே ஆகவேண்டும். ஒருநாட் கூலி முழுவதும் இதற்குப் போதவில்லை. குறைவாக நுகர்ந்தவனுக்கே ஏற்றம் மிகுதியாயிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

2025 ஜனவரியில் இக்கட்டணம் 195 ரூபாவாக இறங்கியது. 2024 செப்ரெம்பரில் நாட்கூலி 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. ஆகவே ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. மின்சாரம் இடையறாது எட்டாப் பொருளாகி வந்தது எனல் பொருந்தாது; நீண்டகாலம் மலிந்து, ஒருமுறை கடுமையாய்த் தாக்கி, மீளவும் தணிந்தது எனலே தகும். எனினும் ஏழிலொரு பங்கென்ற கணக்கு முழுக்கூலி பெற்ற நாளுக்கே செல்லும். கொழுந்து குறைந்து வேலைநாள்களும் சுருங்கும் மாதத்தில் இக்கணக்கு வேறு.