கணக்கேடு காட்டாத கணக்கு



பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ளது குண்டடம். அவ்வழியே விடியற்காலையில் செல்லும்போது, பனியன் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பார்ப்பேன். அப்போது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஒரு நிறுவனம் செவ்வையாக நடக்கிறதென்று எதைக்கொண்டு கூறுவது? விற்பனையைக் கொண்டா? இலாபத்தைக் கொண்டா? இவ்வட்டாரத்தின் பழைய வரலாறு ஒன்று இதற்கு விடை தருகிறது.

திருப்பூர் பனியனுக்குப் புகழ் பெறுமுன் கதருக்குப் புகழ் பெற்றிருந்தது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் காந்தியடிகள் அகில இந்திய சர்க்கா சங்கத்தை நிறுவினார். அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து பணியாற்றியது. சிற்றூர்ப் பெண்கள் இராட்டையில் நூற்ற நூல், நெசவாளர் கையில் துணியாகி, நகரத்துக் கடைகளில் விலைபோயிற்று.

மில் துணியோடு போட்டியிட வேண்டியிருந்ததால், கதரின் விலையைக் குறைப்பதே திறமை என்று சங்க ஊழியர்கள் கருதினர். கணக்கேட்டில் குறை ஏதும் தென்படவில்லை. ஆனால் 1935இல் காந்தியடிகள் வேறொரு கணக்கைக் கேட்டார்: நூற்பவளுக்குக் கிடைப்பது என்ன? நாள் முழுதும் நூற்றும் அவள் பெற்றது சில்லறைக் காசுகளே. ஏழையின் பொருட்டுத் தோன்றிய சங்கம், அவ்வேழையின் கூலியைக் குறைத்தன்றோ விலையைக் குறைத்திருந்தது!

எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா அளிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். விலை ஏறினால் விற்பனை விழுமே என்று ஊழியர்கள் அஞ்சினர், அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில், நூற்பவரின் உணவுக்கும் உடைக்கும் போதுமான குறைந்தபட்சக் கூலி வேண்டுமெனச் சங்கம் தீர்மானித்தது. எட்டணா உடனே கிட்டவில்லை. எனினும் திட்டத்தின் திசை மாறியது. நூலின் தரத்தை உயர்த்துவதும், நூற்பவரே கதர் உடுத்துவதும் சங்கத்தின் கடமைகளாயின.

1944இல் சிறையிலிருந்து மீண்ட காந்தியடிகள், செப்டம்பரில் சேவாகிராமத்தில் சங்கத்தாரோடு உரையாடியபோது மேலும் கடுமையான சோதனையை மேற்கொண்டார். நூற்கச் சொன்னோம், எதற்காக நூற்பது என்பதை விளக்கவில்லை என்று பிழையைத் தம்மீதே சுமத்திக்கொண்டார். தேவையானால் சங்கத்தைக் கலைத்து, அதன் பணியைக் கிராமங்களிடமே ஒப்படைக்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார். கதர் வாங்குவோர் விலையில் ஒரு பகுதியை நூலாகவே செலுத்த வேண்டுமென்ற விதி 1945இல் வந்தது. இத்திட்டம் எங்கும் வெற்றி கண்டதென்று சொல்வதற்கில்லை. ஆனால் வியாபாரம் குறையுமென்று அறிந்தும் தன் நோக்கத்தை உரைகல்லாகக் கொண்ட நிறுவனங்கள் சிலவே.

தன்னைத் தான் சோதிக்கத் தவறினால் நேர்வதென்ன? அதற்கும் இதே வட்டாரத்தில் சான்றுண்டு. 1990க்குப் பின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. அதனுடன் சாயக்கழிவும் பெருகி நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. ஏற்றுமதிக் கணக்கில் உழவரின் இந்நட்டம் இடம்பெறவில்லை. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டதும் அங்கு உழைத்தவர்களின் பிழைப்பும் நின்றது. கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே நிலைபெற்றது. தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை நீதிமன்றம் கேட்கும்படி ஆயிற்று.

நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு கடையையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ, தொழிற்சாலையையோ நடத்தக்கூடும். ஆண்டுதோறும் அடுத்த திட்டத்தை எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதற்காகத் தொடங்கினோம்? நம் ஆதாயத்தின் சுமையைச் சுமப்பவர் யார்? அவரிடம் சென்று கேட்டோமா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை கசப்பாயிருப்பினும், அதை முதல் வரியாக வைத்தே திட்டத்தை எழுதுங்கள்.