லிஸ்பன் மாநகரில் மூன்று தமிழர்

பாத்திமா அன்னையின் காட்சிகள் நிகழ்ந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2017-ஆம் ஆண்டில், நம் பகுதியிலிருந்து புறப்பட்ட ஒரு திருயாத்திரைக் குழுவுடன் ஆன்ம வழிகாட்டியாகச் செல்லும் பேறு எனக்குக் கிட்டியது. அப்போது நான் வேறொரு பங்கில் பணியாற்றி வந்தேன். ஆயினும் மகாராஜபுரத்து மூதாட்டி ஒருவரும் அவர் மகளும் அந்தக் குழுவில் இருந்தனர். எழுபது வயதைத் தாண்டிய அவரைக் குழுவில் எல்லோரும் 'பாட்டி' என்றே அழைத்தோம். பாத்திமாவுக்குப் போகும் வழியில் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் ஒன்றரை நாள் தங்கினோம். அந்த ஒன்றரை நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பாத்திமாவைப் பற்றி நம் மக்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்; லிஸ்பனைப் பற்றிக் கேட்டிருப்பது குறைவு.

ஐரோப்பிய நகரம் ஒன்றைக் கூட்டமாகச் சுற்றிப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். கையில் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி முன்னே போவார்; பின்னால் நாம் ஓட்டமும் நடையுமாகப் போவோம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வீதிக்குப் போய்விடுவார். நகரமோ மேடும் பள்ளமுமானது. நம் மக்கள் சதுரகிரி ஏறிப் பழகியவர்கள் அல்லவா, மூச்சு வாங்கினாலும் முணுமுணுக்கவில்லை.

பேராலயத்திற்குச் சற்றுக் கீழே புனித அந்தோணியார் கோயில் இருக்கிறது. "அந்தோணியார் பிறந்த வீடு இருந்த இடம் இதுதான்" என்று வழிகாட்டி சொன்னதும் குழுவில் ஒரு சலசலப்பு. "அவர் பதுவை ஊர்க்காரர் அல்லவா?" என்று கேட்டார்கள். 1195-ல் லிஸ்பனில் பிறந்து, 1231-ல் இத்தாலி நாட்டுப் பதுவையில் மரித்தவர் அவர். நாம் பதுவை அந்தோணியார் என்கிறோம். லிஸ்பன் மக்களோ அவரைத் தங்கள் ஊர்ப் பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள். ஜூன் 13-ஆம் தேதி அங்கே வீதிக்கு வீதி மீன் சுட்டு விருந்து வைப்பார்களாம்.

இன்று நாம் காணும் கோயில் பின்னால் கட்டப்பட்டது. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் காலை, கோயில்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பனில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. பீடங்களில் எரிந்த மெழுகுதிரிகள் சாய்ந்து தீப்பற்றின. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து வாரிச் சென்றது. நகரின் நடுவே கார்மேல் சபையாரின் மடத்துக் கோயில் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. தூண்களும் வளைவுகளும் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. அங்கே எங்கள் குழுவில் யாரும் படம் எடுக்கவில்லை. சுனாமி என்னும் சொல்லை 2004-க்குப் பின் நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லிஸ்பன், நம் ஓரியூர்ப் புனிதர் அருளானந்தர் பிறந்த ஊருமாகும். 1647 மார்ச் முதல் நாள் பிறந்த அவர், இளவயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தார். கடும் நோயுற்றபோது, பிழைத்தால் ஓராண்டு சேசு சபை அங்கியை அணிவிப்பதாக அவர் தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, அங்கியைப் பிற்பாடு நிரந்தரமாகவே அணிந்துகொண்டது. மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரச் சாமியாராக உழைத்து, 1686-ல் மறவர் சீமையில் சித்திரவதைப்பட்டு, சபை அலுவலாக அவர் லிஸ்பன் திரும்பியபோது, அந்தப் பழைய தோழர் அரசராக இருந்தார். அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ள அரசர் விரும்பினார். அருளானந்தரோ அரண்மனை நகரில் இருந்தும் இறைச்சியைத் தொடாமல், மதுரை நாட்டில் உண்டதுபோல் காய்கறி உணவே கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். 1690-ல் மறுபடியும் இங்கே வந்து சேர்ந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டார். அச்செய்தி லிஸ்பனை எட்டியபோது அவர் தாயார் துக்க உடை அணியாமல் திருநாள் உடை அணிந்து அரண்மனைக்குச் சென்றார் என்பர். லிஸ்பனில் இப்போது அவர் பெயரால் ஒரு பங்குக் கோயிலும் சேசு சபையாரின் ஒரு கல்லூரியும் உள்ளன. எங்கள் பயணத் திட்டத்தில் இரண்டுமே இல்லை. நான் கேட்டதற்கு, அவை சுற்றுலா இடங்கள் அல்ல என்றார் வழிகாட்டி. அவர் சொன்னதும் சரிதான்.

அன்றிரவு விடுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. அறைச் சாவியைக் கொடுத்த பெண்மணி போர்த்துக்கேய மொழியில் அதற்குச் சொன்ன சொல் நம் 'சாவி' போலவே காதில் விழுந்தது. பாட்டி திடுக்கிட்டு, "சாமி, இந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியுது!" என்றார். உண்மை அதற்கு மாறானது. சாவி, சன்னல், மேசை, அலமாரி, பாதிரி, ஏலம் எல்லாம் நாம் அவர்களிடமிருந்து வாங்கிய சொற்கள். அவர்களும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நம் மாங்காய் அங்கே 'மாங்கா' ஆயிற்று. கஞ்சி 'கான்ஜா' ஆயிற்று; கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சிய ரசம் அது. இரண்டு நாளாக ரொட்டியை மென்று சலித்திருந்த பாட்டி அதை இரண்டு கோப்பை குடித்தார். இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். நம் மக்களில் ஒரு குலத்தாரின் பெயரை எடுத்து, 'தள்ளிவைக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகள் இன்றளவும் வழங்கி வருகின்றன. அந்தப் பொருளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நம் ஊர் நடப்புத்தான். ஆகவே அவர்களை மட்டும் குறை கூற எனக்கு நா எழவில்லை.

மறுநாள் காலை பெலேம் என்னும் துறைக்குப் போனோம். பெத்லகேம் என்ற பெயரின் போர்த்துக்கேய வடிவமே பெலேம். இந்தியாவுக்குக் கப்பல்கள் பாயெடுத்தது இந்தக் கரையிலிருந்துதான். 1541 ஏப்ரல் 7-ஆம் தேதி, தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், புனித சவேரியாரும் லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். ஆற்றோரம் நிற்கும் பெலேம் கோபுரத்தைக் கண்டு எல்லோரும் வியந்தனர். என்றாலும் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை அன்றாடம் பார்க்கும் நமக்கு அதன் உயரம் ஒரு பொருட்டல்ல. ஏறக்குறைய நூறு அடிதான்.

எதிரே இருக்கும் எரோனிமுசார் மடத்துக் கோயில் உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. கீழ்த்திசை வாணிபத்தில் விதித்த வரிப் பணத்தைக் கொண்டு மானுவேல் அரசர் தொடங்கிய கட்டடம் அது. பீடத்தருகே அரசர்களின் கல்லறைப் பேழைகளைச் சலவைக்கல் யானைகள் தாங்கி நிற்கின்றன. நம் கோயில் தேர்களிலும் மண்டபங்களிலும் பார்த்த யானைகளை அங்கே காணும்போது மனம் ஏதோ செய்கிறது. வாசலருகே வாஸ்கோ தகாமாவின் கல்லறை. குழுவினர் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். என்னையும் அழைத்தார்கள்; நான் நிற்கவில்லை. 1502-ல் மெக்காவுக்குப் போய்த் திரும்பிய கப்பலொன்றை, அதில் இருந்த நூற்றுக்கணக்கான ஆண் பெண் குழந்தைகளோடு எரித்தவர் அவர். கல்லறையைச் செதுக்கிய சிற்பி அதைச் செதுக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அதே மடத்துக் கட்டடத்தின் மேற்குப் பகுதியில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் உடைமைகளுள் ஒன்று, 1554 பிப்ரவரி 11-ஆம் தேதி லிஸ்பனில் அச்சிட்டு முடிக்கப்பட்ட ஒரு சிறு செபப் புத்தகம். சிலுவை அடையாளம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள் ஆகியவை தமிழில்! தமிழ் அச்செழுத்து அன்று உலகில் எங்கும் இல்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பொறித்து, கூடவே போர்த்துக்கேய மொழியில் பொருளும் சேர்த்து, கறுப்பும் சிவப்புமாக அச்சிட்டார்கள். இந்திய மொழி எதிலும் முதன்முதல் அச்சேறிய புத்தகம் இதுவே. இந்தியாவுக்குள் அச்சுப்பொறி வந்து சேர்ந்ததே 1556-ல்தான். தமிழ் எழுத்திலேயே அமைந்த 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-ல்.

இந்தப் புத்தகத்தை ஆக்கியவர் யார்? மூன்றாம் யோவான் அரசரின் ஆணைப்படி, லிஸ்பனில் இருந்த மூன்று இந்தியர். விசேந்தி தெ நசரேத், ஜோர்ஜி கர்வாலோ, தோமா தெ குரூஸ் என்று புத்தகம் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. திருமுழுக்கின்போது போர்த்துக்கேயப் பெயர் பெறுவது அந்நாளைய வழக்கம். 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமறையைத் தழுவியபோது பெற்ற அத்தகைய பெயர்கள் இன்றும் தூத்துக்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு வழங்குவதை நாம் அறிவோம்.

எண்ணிப் பாருங்கள். சவேரியார் 1542-ல் நம் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த ஊர்க்காரர் சிலரைக் கூட்டி, பல நாள் அமர்ந்து, பெரும்பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கியதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஊர்க்காரர் பெயர்களை அவர் எழுதவில்லை. குருமடத்தில் நாங்கள் படித்தபோதும், வெள்ளைக்காரக் குருக்கள் நமக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தார்கள் என்றே படித்தோம். அது பொய்யல்ல. ஆனால் பிதாவையும் சுதனையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மவர்களே. லிஸ்பனில் மட்டும், எப்படியோ, அவர்களுள் மூவர் பெயர் அச்சில் தப்பிப் பிழைத்தது.

புத்தகத்தை நான் கண்டேனா என்றால், இல்லை. மடத்தைப் பார்த்து முடித்தபின் ஒரு மணி நேரம் தந்தார்கள். பக்கத்துத் தெருவில் 1837 முதல் நடக்கும் ஒரு பலகாரக் கடை இருக்கிறது. முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட ஒரு பணியாரம் அங்கே பெயர் பெற்றது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வாங்கித் தருவதாக நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். வரிசையில் முக்கால் மணி நேரம் போயிற்று. நான் அருங்காட்சியக வாசலை அடைந்தபோது பேருந்து ஓட்டுநர் ஒலி எழுப்பிவிட்டார். அந்தப் புத்தகத்தின் 1967-ஆம் ஆண்டுப் புதுச்சேரிப் பதிப்பைக் குருமட நூலகத்தில் ஒருமுறை புரட்டியிருக்கிறேன்; எனக்குக் கிடைத்தது அவ்வளவே.

மாலையில் பாத்திமாவில் திருப்பலி நிறைவேற்றினேன். மரித்தோரை நினைவுகூரும் இடத்தில் விசேந்தி, ஜோர்ஜி, தோமா என்னும் மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொன்னேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பாட்டி அருகில் வந்து, "யாரு சாமி அந்த மூணு பேரும்? உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பெரிய மைதானத்தைக் கடந்து விடுதிக்குப் போய்ச் சேரும் மட்டும் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.