தகப்பனார் காட்டாத மலை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர்கள் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் மணி அடிப்பதில்லை. நினைத்தபோது குடும்பத்தோடு கிளம்பி விடுகிறார்கள். ஒரு நாள் பொருட்காட்சி சாலை, இன்னொரு நாள் பழைய கோட்டை, மற்றொரு நாள் ஆற்றங்கரை. பார்க்கிற அடுத்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு சந்தேகம்: "இது படிப்பா, ஊர் சுற்றுவதா?" அந்தச் சந்தேகம் சில சமயம் பெற்றோர்களுக்கே வந்துவிடும்.

இதற்கு விடை தேடிப் போனால், இருநூறு வருஷங்களுக்கு முந்திய லண்டனில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பையன் வளர்ந்தான். அவனோடு கூடவே நம் நாட்டைப் பற்றிய ஒரு பெரிய புத்தகமும் வளர்ந்தது. இரண்டையும் வளர்த்தவர் ஒருவரே.

அவர் பெயர் ஜேம்ஸ் மில். ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருடைய மகன். 1802-இல் லண்டனுக்கு வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிக் காலட்சேபம் செய்தார். 1806-இல் அவருக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அதே வருஷத்தில் இந்தியாவின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் உலகம் போற்றிய ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்.

பையனுக்கு மூன்று வயதிலேயே கிரேக்க பாஷை ஆரம்பமாயிற்று. எட்டு வயதில் லத்தீன். தகப்பனார் இந்தியாவைப் பற்றி எழுதுகிற அதே மேஜையின் ஒரு பக்கத்தில் பையன் உட்கார்ந்து கிரேக்கம் படிப்பான். லத்தீன் தெரிந்தவர்களுக்குத்தான் அந்நாளில் கிரேக்க அகராதி உதவும். பையனுக்கோ அப்போது லத்தீன் தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் தகப்பனாரைத்தான் கேட்க வேண்டும். ஜேம்ஸ் மில்லோ பொறுமைக்குப் பேர் போனவர் அல்ல. இருந்தும் அத்தனை தொந்தரவையும் சகித்துக்கொண்டு பாகம் பாகமாகப் புத்தகத்தை எழுதி முடித்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நாம் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும்.

1810 முதல் 1813 வரையில் அவர்கள் குடியிருந்தது நியூயிங்டன் கிரீன் என்ற இடத்தில். அந்நாளில் அது கிட்டத்தட்டக் கிராமந்தான். தகப்பனாருடைய தேக சுகத்துக்கு நடை அவசியமாக இருந்தது. காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஹார்ன்ஸியை நோக்கிச் செல்லும் பசுமையான சந்துகளில் அவர் நடப்பார். பையனும் கூட நடப்பான். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் பையன் கையில் என்ன இருந்தது தெரியுமா? துண்டுக் காகிதங்கள். முதல் நாள் படித்த சரித்திரப் புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்புகள். அவற்றைப் பார்த்து, படித்ததை முழுவதும் தன் வார்த்தைகளில் தகப்பனாருக்குச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். பச்சை வயல்களும் காட்டுப் பூக்களும் தன் நினைவில் அந்தப் பாடங்களோடு கலந்தே கிடந்தன என்று பிற்காலத்தில் சுயசரிதையில் எழுதினார் மகன்.

இந்த முறையை நான் பரிகசிக்கவில்லை. நெட்டுருப் போட்டு ஒப்பிப்பதை விட, படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்வது ஆயிரம் மடங்கு மேல். 1819-இல், பையனுக்குப் பதின்மூன்று வயதானபோது, பொருளாதார சாஸ்திரமும் நடையிலேயே நடந்தது. தகப்பனார் நடந்துகொண்டே விளக்குவார். பையன் மறுநாள் அதை எழுதிக் காட்டுவான். தெளிவாக வரும் வரையில் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்தக் குறிப்புகள் 1821-இல் தகப்பனார் வெளியிட்ட பொருளாதார நூலுக்கே பயன்பட்டன. தன் காலத்தவரை விட இருபத்தைந்து வருஷம் முன்னதாகவே தாம் புறப்பட்டதாக மகன் நன்றியோடு கணக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த வீட்டில் விடுமுறை நாள் என்பது கிடையாது. விட்டால் சோம்பலில் ருசி விழுந்துவிடுமாம். மற்றப் பையன்களோடு சேரக் கூடாது. கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுமாம். காதுக்கு ஓயாமல் வேலை இருந்தது. கண்ணுக்கு வேலை குறைவு.

கண்ணுக்கு வேலை கொடுத்தவர் தகப்பனாரின் சிநேகிதர் பெந்தாம். 1813-இல் அவரும் தகப்பனாரும் ஏழு வயதுப் பையனும் ஆக்ஸ்போர்டு, பாத், பிரிஸ்டல், பிளிமத் என்று ஒரு சுற்றுப் பிரயாணம் போய் வந்தார்கள். நின்று ஒரு காட்சியைப் பார்த்து ரசிக்கும் ஆசை அங்கேதான் முளைவிட்டது. பிறகு சில வருஷங்கள், வருஷத்தில் பாதியைப் பெந்தாம் எடுத்திருந்த 'போர்டு அபே' என்ற பழைய மாளிகையில் கழித்தார்கள். விசாலமான கூடங்கள், நிழல் தரும் தோட்டம், தண்ணீர் விழும் சத்தம். சின்ன வீட்டுப் பிள்ளையின் மனசு அங்கே போய்க் கொஞ்சம் அகலமாயிற்று.

இந்த இடத்தில், மேஜையின் மறுபக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த புத்தகத்தைப் பார்க்கலாம். இந்தியாவின் சரித்திரத்தை எழுதிய ஜேம்ஸ் மில் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. நம் பாஷை ஒன்றும் அவருக்குத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை, முகவுரையிலேயே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் அதற்கு ஒரு நியாயமும் கற்பித்தார். இந்தியாவுக்கு வந்து கண்ணாலும் காதாலும் ஆயுள் முழுவதும் அறிவதை விட, தகுதியுள்ள ஒருவன் இங்கிலாந்தில் தன் அறையில் உட்கார்ந்து ஒரே வருஷத்தில் அதிகமாக அறிந்துகொள்ளலாம் என்பது அவருடைய வாதம்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் இந்த ஏட்டுச் சுரைக்காயைச் சமைத்தே பரிமாறிவிட்டார்கள். 1818 தொடக்கத்தில் புத்தகம் வெளியாயிற்று. அதற்கு முந்தின வருஷம் பதினோரு வயது மகன் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, தகப்பனார் அச்சுப் பிழை திருத்தினார். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் அவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கம்பெனி உத்தியோகத்துக்காக ஹெய்லிபரி கல்லூரியில் தயாரான வாலிபர்களுக்கு அந்தச் சரித்திரம் பாடமாயிற்று. நம் நாட்டுச் சரித்திரத்தை இந்துக்கள், முகம்மதியர், பிரிட்டிஷார் என்று மூன்று துண்டாக வெட்டி வைத்ததும் அந்தப் புத்தகந்தான். அந்த வெட்டு வெகு காலம் நம் பாட புஸ்தகங்களிலும் ஆறாமலே கிடந்தது. நேரில் பார்க்காத ஒருவர் எழுதியதை, இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் பெஞ்சியில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டோம்.

மகன் விஷயத்துக்குத் திரும்புவோம். 1820-இல் பையனுக்குப் பதினான்கு வயது. பெந்தாமின் தம்பி ஸர் சாமுவேல், குடும்பத்தோடு பிரான்ஸின் தெற்குப் பகுதியில் தங்கியிருந்தார். பையனை அங்கே அனுப்புவதென்று ஏற்பாடாயிற்று. புறப்படுமுன் தகப்பனார் அவனை ஹைடு பார்க்கில் நடக்க அழைத்துப் போனார். "உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாத பல விஷயங்கள் உனக்குத் தெரியும், அது உன் சாமர்த்தியம் அல்ல, சிரமப்பட்டுச் சொல்லிக் கொடுக்க ஒரு தகப்பன் வாய்த்த அதிர்ஷ்டம்" என்ற கருத்தில் புத்தி சொன்னார். உண்மைதான். ஆனால் தாம் சொல்லிக் கொடுக்க முடியாத ஒன்றுக்காக அவனை அனுப்புகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

பிரான்ஸிலும் பாடங்கள் நிற்கவில்லை. தகப்பனாருக்கு நாட்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் குடும்பத்தோடு பிரனீஸ் மலைப் பக்கம் பிரயாணம் போனான். ஒன்பதாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஒரு சிகரத்தில் ஏறினான். ஸர் சாமுவேலின் மகன் ஜார்ஜ் செடி கொடிகளைச் சேகரித்துப் பெயர் கண்டுபிடிக்கும் வித்தையைக் காட்டிக் கொடுத்தார். மலையின் முன்னால் நின்றபோது கையில் துண்டுக் காகிதம் இல்லை; ஒப்பிக்கச் சொல்வாரும் இல்லை.

1823-இல் மகனுக்கும் கம்பெனியில், தகப்பனாரின் கீழேயே வேலை கிடைத்தது. மூன்று வருஷங்கள் ஓடின. 1826-இல், இருபதாவது வயதில், ஒரு நாள் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிஷமே நிறைவேறிவிட்டால் எனக்கு ஆனந்தம் உண்டாகுமா? உள்ளேயிருந்து "இல்லை" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், கட்டி எழுப்பிய கோபுரம் அஸ்திவாரத்தோடு சரிந்தது. சாப்பாடு, வேலை எல்லாம் இயந்திரம் போல நடந்தன. மனசு மட்டும் வறண்டு கிடந்தது. தகப்பனாரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. இந்த நோய்க்கு அவரிடம் மருந்து இராது என்று மகனுக்குத் தெரிந்திருந்தது.

மெல்ல மெல்லத்தான் இருள் விலகியது. 1828-இல் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை முதன்முதலாகப் படித்தார். அவை மருந்தாக வேலை செய்தன. ஏன் என்று அவரே காரணம் சொல்கிறார். அந்தக் கவி பெரும்பாலும் மலைகளைப் பற்றிப் பாடுகிறவர். தமக்கோ சிறு வயதில் பார்த்த பிரனீஸிலிருந்து மலைதான் அழகின் எல்லை. பதினான்காம் வயதில் போன ஓர் உல்லாசப் பிரயாணம், இருபத்திரண்டாம் வயதில் வந்து உயிருக்குத் தண்ணீர் வார்த்தது.

அந்தத் தாகம் கடைசி வரையில் போகவில்லை. 1873-இல் பிரான்ஸில் அவிஞோன் நகரத்தில் அவர் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புகூடச் செடி தேடி வெகு தூரம் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஜேம்ஸ் மில் கெட்ட தகப்பனார் அல்ல. தம் பொழுதையெல்லாம் பிள்ளைக்குக் கொடுத்தவரை அப்படிச் சொல்ல மனம் வராது. அவருடைய குறை ஒன்றுதான்: தேசமானாலும் சரி, பிள்ளையின் மனசானாலும் சரி, அறையில் உட்கார்ந்தே அறிந்துவிடலாம் என்று நம்பினார். தேசம் அதற்கு விலை கொடுத்தது, பிள்ளையும் கொடுத்தான்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பும் பெற்றோர்கள் தாராளமாகக் கிளம்பலாம். அடுத்த வீட்டுக்காரர் சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் திரும்பி வரும் வழியிலேயே, "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய், சொல்லு" என்று கேட்காமல் இருப்பது நல்லது. அதற்குப் பதில் வர எட்டு வருஷம் ஆனாலும் ஆகும்.