உலாவிக்குள் வந்த விருந்தாளிகள் – நீட்சிகளின் கதை

2019 மே 4, சனிக்கிழமை. அன்று கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் திறந்த பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்த நீட்சிகள் எல்லாம் ஒரேயடியாக முடங்கிக் கிடந்தன! விளம்பரத் தடுப்பானைக் காணோம். கடவுச்சொற்களைச் சேமித்து வைத்த நீட்சியையும் காணோம். வைரஸா? யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? இரண்டும் இல்லை. மொஸில்லா நிறுவனத்தின் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அவ்வளவுதான்!

ஒரு சான்றிதழ் காலாவதியானதற்கு ஊரில் உள்ள நீட்சிகள் எல்லாம் ஏன் நிற்க வேண்டும்? விடை தெரிய வேண்டுமானால் இருபது வருடங்கள் பின்னோக்கிப் போக வேண்டும்.

உலாவியோடு சேர்ந்து வராத ஒரு வசதியை, வேறு யாரோ எழுதித் தர, பயனர் தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்வதுதான் நீட்சி. 1997ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4லேயே இதற்கு வழி இருந்தது. ஆனால் அந்த வாசலில் காவல் இல்லை. ஏதாவது ஒரு இலவச மென்பொருளை நிறுவினால் கூடவே இரண்டு கருவிப்பட்டைகளும் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, வேண்டாதவர்களை நிறுத்தி வைக்க ஒரு பட்டியல் கிடைத்ததே 2004ல், விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான்.

அதே 2004ம் வருடம் நவம்பர் 9ம் தேதி ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானது. தமிழ் வலைப்பதிவர்கள் செல்லமாக "நெருப்புநரி" என்று அழைத்த அதே உலாவி. உலாவியைச் சிறியதாக வைத்துக்கொள்வது, மற்றதை அவரவர் தேவைக்கேற்ப சேர்த்துக்கொள்ள விடுவது என்பதே அதன் கொள்கை. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, இணையப் பக்கத்தின் நிரலைப் பிரித்துப் பார்க்க ஒன்று என்று நீட்சிகள் குவிந்தன. தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. அப்போது இந்திய மொழித் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. அவற்றை யுனிகோடாக மாற்றிக் காட்ட "பத்மா" என்ற நீட்சி வந்தது. உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்ய "தமிழ்விசை" வந்தது. தனியாக ஒரு மென்பொருள் நிறுவாமலேயே பின்னூட்டம் இட முடிந்தது!

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. பழைய நீட்சிகளுக்கு உலாவிக்கு உள்ள அத்தனை அதிகாரமும் உண்டு. ஒரு நீட்சி நினைத்தால் இன்னொரு நீட்சியின் நிரலிலும் கை வைக்கலாம். 2009 மே மாதத்தில் அதுதான் நடந்தது. பாதுகாப்புக்குப் பெயர் போன நோஸ்கிரிப்ட் நீட்சி, தன் ஆசிரியரின் தளங்களில் விளம்பரம் தெரிய வேண்டும் என்பதற்காக, ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு நீட்சியின் செயல்பாட்டில் பயனருக்குத் தெரியாமல் குறுக்கிட்டது. குட்டு வெளிப்பட்டதும் கண்டனங்கள் குவிந்தன. ஆசிரியர் அந்த நிரலை நீக்கி மன்னிப்பும் கேட்டார். பாதுகாவலனே இப்படிச் செய்தால் மற்றவர்கள் என்னதான் செய்ய மாட்டார்கள் என்ற கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு வாசலில் பூட்டு வந்தது. மொஸில்லாவின் கையொப்பம் இல்லாத நீட்சிகளை நிறுவ முடியாது என்ற விதியை 2015ல் அந்த நிறுவனம் அறிவித்தது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, பழைய வகை நீட்சிகளை முற்றிலும் கைவிட்டது. புதியவை கேட்டுப் பெற்ற அனுமதிகளுக்குள் மட்டுமே இயங்க முடியும். பாதுகாப்பு கூடியது. ஆனால் வருடக்கணக்கில் தன்னார்வலர்கள் எழுதிய எத்தனையோ நீட்சிகள், புதிதாக எழுத ஆள் இல்லாததால் அப்படியே நின்றுபோயின.

2019ல் காலாவதியானது இந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்கும் சான்றிதழ்களில் ஒன்றுதான். திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது! முதல் தற்காலிகத் தீர்வு, ஆய்வுகளுக்காக வைத்திருந்த வழியாக அனுப்பப்பட்டது. அதைப் பெற, தகவல் சேகரிப்பை அணைத்து வைத்திருந்தவர்கள் மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அப்படிச் சேர்ந்த தகவல்களை அழிப்பதாக மொஸில்லா பின்னர் அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

சரி, பூட்டு இருந்தால் மட்டும் போதுமா? கூகுள் குரோமின் கதை இல்லை என்கிறது. 2008ல் வந்த குரோமில் 2009 டிசம்பரில் நீட்சிகள் நுழைந்தன. பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய "தி கிரேட் சஸ்பெண்டர்" அங்கே மிகப் பிரபலம். 2020ல் அதை உருவாக்கியவர் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. கடையில் முதலாளி மாறினால் பெயர்ப் பலகையாவது மாறும். இங்கே பெயரும் அதே, சின்னமும் அதே, பயனர் முன்பு கொடுத்த அனுமதியும் அதே. மாறியது உரிமையாளர் மட்டும்தான்!

அதனால்தான் நீட்சியைச் சேர்ப்பதை விட நிர்வகிப்பது முக்கியமாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும். குரோமில் மூன்று புள்ளி மெனுவுக்குள் நீட்சிகள் பகுதி இருக்கிறது. எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி பெற்ற ஒரு நீட்சியை, சொடுக்கும்போது மட்டும் இயங்கும்படி அங்கே கட்டுப்படுத்தலாம். தற்காலிகமாக நிறுத்தலாம், முழுவதும் நீக்கலாம்.

1997ல் இல்லாத பட்டியல் இன்று எல்லா உலாவியிலும் இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?