‘அலாரச் சோர்வு’: ஒரு சொல்லின் பின்னுள்ள வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவில் எச்சரிக்கை மணி ஒலித்தும் செவிலியர் விரையாத நிலையை ஆய்வுலகம் ‘அலாரச் சோர்வு’ என்கிறது. இச்சொல் குறையைச் செவிலியரிடத்தில் வைத்துவிடுகிறது. வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரின் தொண்டையில் துளையிட்டு, குழாய்வழியே கையால் காற்றைச் செலுத்திக் காப்பாற்றலாம் என மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் படுக்கையருகே அமர்ந்து ரப்பர் பையை அழுத்தினர். அங்கே அலாரம் இல்லை. நோயாளி ஒருவருக்கு ஆள் ஒருவர் இருந்தார். முகத்தின் நிறமாற்றத்தைக் கண்ணும் மூச்சின் தடையைக் கையும் உடனே அறிந்தன. இவ்வனுபவத்தின் பயனாக 1953இல் இப்சன் அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

பின்னர் கையின் இடத்தை வென்டிலேட்டரும் கண்ணின் இடத்தைத் திரையும் பெற்றன. ஒருவரே பல படுக்கைகளைக் கவனிக்க முடிந்தது. அவர் காணாததை அறிவிக்க மணி வந்தது. உண்மையான ஆபத்து ஒன்றும் தப்பிவிடலாகாது என்பதால், சிறு ஐயத்திற்கும் ஒலிக்குமாறு கருவிகள் அமைக்கப்பட்டன. நோயாளி புரண்டு படுத்தாலும், மார்பில் ஒட்டிய மின்முனை நழுவினாலும் மணி அடிக்கும்.

விளைவை ஓர் ஆய்வு அளந்தது. 2013 மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 31 நாட்களில் 25 லட்சத்திற்கும் மேற்பட்ட அலாரங்கள் பதிவாயின. செவிக்குக் கேட்டவை மட்டும் படுக்கை ஒன்றுக்கு நாள்தோறும் 187. சரிபார்க்கப்பட்ட 12,671 இதயத்துடிப்புக் கோளாறு அலாரங்களில் 88.8 விழுக்காடு பொய்யானவை.

‘புலி வருகிறது’ கதையில் நாம் சிறுவனைத்தான் குறை கூறுகிறோம். இங்கோ சிறுவனை விட்டுவிட்டு ஊராரை விசாரிக்கிறோம். ஆனால் புலியும் வரத்தான் செய்கிறது: 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷனுக்கு வந்த அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தவை.

ஆகவே, இந்தியாவில் இப்பொருளை ஆராய முற்படும் மாணவர்கள் வினாநிரல் கொண்டு செவிலியரின் சோர்வை அளப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கைகள்? நோயாளிக்கேற்ப அலார வரம்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு? மின்முனைகள் எத்தனை நாளுக்கொருமுறை மாற்றப்படுகின்றன? இவற்றைக் கேளாத ஆய்வு, செவிலியர் மீதான குற்றச்சாட்டுக்குப் புள்ளிவிவரம் சேர்ப்பதாகவே முடியும்.