மஞ்சளின் குரல்

ஓவியத்தில் வர்ணம் என்பது வடிவத்துக்குப் போர்த்தும் ஆடை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இலைக்குப் பச்சை, வானுக்கு நீலம் என்று ஒவ்வொரு வர்ணமும் ஏதேனும் ஒரு பொருளுக்கு ஊழியம் செய்தது. அந்த ஊழியத்திலிருந்து வர்ணத்தை விடுவித்த முன்னோடிகளுள் ஒருவர் ருஷ்ய ஓவியர் வாஸிலி காண்டின்ஸ்கி. அவருடைய தைலவர்ண ஓவியம் ஒன்றின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மாஸ்கோவில் 1866-ஆம் ஆண்டு பிறந்த காண்டின்ஸ்கி சட்டம் பயின்றவர். முப்பதாவது வயதில் அத்துறையை விட்டு, ஓவியம் கற்க ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்துக்குச் சென்றார். 1911 ஜனவரி 2-ஆம் தேதி அந்நகரில் அர்னால்டு ஷோன்பெர்க் என்னும் இசை மேதையின் கச்சேரியைக் கேட்டார். இசை எப்பொருளையும் படம் பிடித்துக் காட்டுவதில்லை; ஆயினும் உள்ளத்தை உருக்கிவிடுகிறது. வர்ணத்துக்கு மட்டும் அந்த உரிமை ஏன் கூடாது? கச்சேரிக்குப் பின் அவர் தீட்டிய 'இம்ப்ரெஷன் 3' இக்கேள்விக்கு விடை போல அமைந்தது.

சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள அந்தக் கித்தானில் மஞ்சள் வெள்ளமெனப் பரவிக் கிடக்கிறது. மேற்புறத்தில் கரிய திணிவு ஒன்று. அது பியானோ என்பதும், கீழே நெருங்கியிருப்போர் இசை கேட்போர் என்பதும் கூர்ந்து நோக்கினால் புலப்படும். உருவம் முற்றும் மறைந்துவிடவில்லை. ஆனால் நம்மோடு பேசுவது உருவமன்று, மஞ்சளே. அருகில் கறுப்பு மௌனமாக நிற்பதனாலேயே அதன் முழக்கம் பெருகுகிறது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த தமது நூலில் காண்டின்ஸ்கி, மஞ்சளை எக்காளத்துக்கும், இளநீலத்தைப் புல்லாங்குழலுக்கும் ஒப்பிட்டார்.

1914-இல் உலகப் போர் மூண்டது. ருஷ்யரான அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓவியங்கள் பல, அவருடைய துணைவியாக வாழ்ந்த ஓவியர் காப்ரியேல ம்யூன்டரிடம் தங்கின. பின்னர் ஹிட்லரின் ஆட்சி வந்தது. ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்த காண்டின்ஸ்கியின் படைப்புகள் ஐம்பதுக்கு மேல் பறிமுதல் செய்யப்பட்டன. 1937-இல் அதே ம்யூனிக்கில், 'இழிந்த கலை' என்று பெயரிட்டு இத்தகைய ஓவியங்களை மக்கள் எள்ளி நகையாடக் காட்சிக்கு வைத்தனர். தான் கட்டளையிட்ட பொருளைச் சொல்ல மறுக்கும் வர்ணத்தை அவ்வரசு பொறுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ம்யூன்டரோ தம்மிடமிருந்த ஓவியங்களை முர்னவ் என்ற சிற்றூரில், தம் வீட்டு நிலவறையில் ஒளித்துக் காத்தார். 1957-இல், எண்பது வயது நிறைந்தபோது, அவற்றை ம்யூனிக் நகரின் லென்பாஹ்ஹவுஸ் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக அளித்தார். எள்ளிய நகரமே ஏற்றுக்கொண்டது. 'இம்ப்ரெஷன் 3' இன்றும் அங்கே இருக்கிறது.

எல்லா ஓவியங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1910-இல் அவர் தீட்டிய 'காம்பொசிஷன் 1' அழிந்து போயிற்று. கறுப்பு வெள்ளை நிழற்படத்திலேதான் அதை நாம் அறிகிறோம். கோடுகள் தெரிகின்றன, வடிவங்கள் தெரிகின்றன, வர்ணம் இல்லை. அருவ ஓவியத்தில் வர்ணத்துக்கு என்ன வேலை என்று வினவுவோர் அந்த நிழற்படத்தை ஒருமுறை பார்க்கட்டும். உடல் அங்கே இருக்கிறது, குரல்தான் இல்லை.